கடல்கட்டியைத் தேடி நூலகத்துக்கு

மன்னாரிலிருந்து கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்பவர் அரிப்பையும் சிலாவத்துறையையும் கடந்து கொண்டச்சியை அடைவர். அமைதியான குடா, மணற்கரை, உப்புக் காற்று. இங்கேயா ஒரு காலத்தில் பல நாட்டு வணிகரும் பல மொழி பேசும் சுழியோடிகளும் கூடி ஒரு பட்டினத்தையே எழுப்பினர் என்று வியக்கத் தோன்றும். 1795இல் ஆங்கிலேயர் இக்கரையைக் கைப்பற்றியதை அடுத்து நடந்த முத்துச் சலாபங்களுக்குக் கொண்டச்சிக் குடாவே படகுகள் கூடும் நடு நிலையமாக இருந்தது. இரவு பத்து மணியளவில் வேட்டொலி கேட்டதும் தரைக்காற்றைப் பாயில் ஏந்திப் படகுகள் ஒருங்கே புறப்படும். விடியுமுன் முத்துப் பார்களை அடைந்து, ஞாயிறு எழுந்ததும் சுழியோடிகள் கல்லைக் காலிற் கோத்துக்கொண்டு நீருள் இறங்குவர்.

ஆனால் ஒருவர் இல்லாமல் அவர்கள் இறங்கமாட்டார்கள். அவர்தாம் கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுபவர் என்பது பொருள். இப்பணி ஒரே குடும்பத்தாருக்கு உரியது என்றும், இருவர் இதிற் பணியாற்றினர் என்றும், ஒருவர் தலைமைப் படகிற் செல்ல மற்றவர் கரையில் ஓர் அறையுள் அடைபட்டிருப்பார் என்றும் ஜேம்ஸ் கோர்டினர் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1807இல் வெளியிட்ட இலங்கை நூலில் எழுதியுள்ளார். அறையுள் இருப்பவர் முன்னே நீர் நிறைந்த பித்தளைப் பாத்திரம் ஒன்று இருக்கும். அதில் ஆணும் பெண்ணுமாக இரண்டு வெள்ளி மீன்கள். கடலிற் சுறா எவரையேனும் தீண்டினால் இங்கே ஒரு வெள்ளி மீன் மற்றதைக் கடிக்கும் என்பது நம்பிக்கை.

இக்கரையிற் பிறந்து பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்கும் மாணவி ஒருத்தி, "கடல்கட்டியிடம் கொண்ட நம்பிக்கை சுழியோடியின் அச்சத்தை எவ்வாறு மாற்றியது?" என்னும் பொருளில் ஆய்வுக் கட்டுரை எழுத விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கேள்வி. நேரே நூலகத்துக்குச் செல்கிறாள். உளவியல் நூல்கள் அடுக்கப்பட்டிருக்கும் தட்டின் முன் நிற்கிறாள். அச்சம் பற்றிய நூல்கள் உள்ளன. நம்பிக்கை பற்றிய நூல்களும் உள்ளன. கொண்டச்சி என்ற சொல் ஒன்றிலும் இல்லை. "இப்பொருளில் நூலே இல்லை" என்று எண்ணித் திரும்புகிறாள். மாணவர் பலர் இவ்விடத்திலேயே திரும்பிவிடுகின்றனர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு திரும்பியவன்தான்.

நூல் இல்லாமல் இல்லை. அவள் நின்ற தட்டில் இல்லை, அவ்வளவே. மெல்வில் டூயி 1876இல் வகுத்த பகுப்பு முறையைத்தான் நம் நாட்டு நூலகங்களிற் பெரும்பாலானவை இன்றும் பின்பற்றுகின்றன. அதில் உளவியலுக்கு 150 என்ற எண். ஆனால் மந்திரம், மாயம் என்பன 133இல் இருக்கும். நாட்டார் வழக்கு 398. முத்துக்குளிப்பு மீன்பிடித் தொழிலோடு சேர்ந்து 639இல் உறங்கும். இலங்கை வரலாறு 954.93, பயண நூல்கள் 915.493. கடல்கட்டி என்ற ஒரே மனிதர் இவ்வாறு ஐந்தாறு தட்டுகளிற் சிதறிக் கிடக்கிறார். நூலகரின் பிழையன்று இது. ஒரு நூலை ஓரிடத்தில்தானே வைக்க முடியும்? சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டபோது, பொருளின் பல கூறுகளையும் ஓர் எண்ணுள் இணைத்துக் காட்ட முயன்றார். அவர் முறை நம் நூலகங்களிற் பரவவில்லை. ஆயினும் அதன் உள்ளீடு ஆய்வாளனுக்கு மிகவும் பயன்படும். கேள்வியைக் கூறுபடுத்து என்பதே அது. யார்? சுழியோடி. எங்கே? மன்னார்க் குடா. எது? அச்சம், மந்திரம், நம்பிக்கை. எக்காலம்? இந்த நான்கையும் தனித்தனியே தேடிப் பின்னர் ஒன்றுசேர்க்க வேண்டும்.

தேடுவதற்குச் சொல் வேண்டுமல்லவா? இங்கேதான் மெய்யான தொல்லை தொடங்குகிறது. பழைய ஆங்கில ஆசிரியர்கள் கொண்டச்சியை 'சி' என்ற எழுத்தில் தொடங்கி எழுதினர். இக்காலத்தார் 'கே' என்ற எழுத்தில் தொடங்குகின்றனர். அரிப்பு அவர்கள் கையில் 'அரிப்போ' ஆயிற்று. மன்னாருக்கும் இரண்டு மூன்று எழுத்துக் கூட்டல்கள் உண்டு. கடல்கட்டியை ஒருவர் சுறா மயக்குபவர் என்பார். மற்றொருவர் சுறாவைக் கட்டுபவர் என்பார். வேறொருவர் வெறுமனே மந்திரவாதி என்று எழுதிவிடுவார். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டே தேடத் தொடங்க வேண்டும். கணினியில் நூல்களைத் தேடுவோருக்கு இன்னுமொரு பொறி உண்டு. 1800க்கு முன் அச்சான ஆங்கில நூல்களில் 'எஸ்' என்னும் எழுத்துப் பல இடங்களில் நீண்ட வடிவில், 'எஃப்' போலத் தோன்றும். நூலைப் படம்பிடித்து எழுத்தாக மாற்றும் கணினி அதை 'எஃப்' என்றே வாசித்துவிடும். சுறா என்ற ஆங்கிலச் சொல்லை ஒழுங்காகத் தட்டியவருக்கு ஒன்றும் அகப்படாது. பிழையாகத் தட்டியவருக்கே புதையல் கிடைக்கும்!

தமிழிலும் இதே நிலைதான். இன்று உளவியல் என்பதை நம் முன்னோர் மனோதத்துவம் என்றனர். இலங்கையிற் சில காலம் உளநூல் என்றனர். இந்தியத் தமிழர் ஆலோசனை என்பதை நாம் உளவளத்துணை என்கிறோம்; அவர்கள் மன அழுத்தம் என்பதற்கு அருகில் நமது நெருக்கீடு நிற்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் பெருந்தொகையாக இலவசமாகக் கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'நான்' என்னும் உளவியற் சஞ்சிகையின் இதழ்களையும் அங்கே காணலாம். ஆனால் ஒரே சொல்லை மட்டும் தட்டிப் பார்ப்பவருக்கு அதன் பாதிச் செல்வம் கண்ணிற் படாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்பதை நினைத்தால், எஞ்சியவற்றைத் தேடும் திறமை நமக்கு எவ்வளவு வேண்டியது என்பது விளங்கும்.

சரி, சொற்கள் கையில் உள்ளன. மாணவியின் முன்னே இப்பொழுது நூல்கள் குவிகின்றன. குவிந்த நூல்களில் எது சாட்சி, எது சாட்சி சொன்னதைக் கேட்டுச் சொன்னது என்று பிரிப்பதே அடுத்த வேலை. குன்ஸ், ஸ்டீவன்சன் என்னும் இருவர் 1908இல் முத்துப் பற்றி எழுதிய பெருநூலில் கடல்கட்டியைப் பற்றிய செய்திகள் சுவையாகத் திரட்டப்பட்டுள்ளன. ஆனால் அவர்கள் திரட்டியவர்கள். 1803இல் றொபேட் பேர்சிவல் என்ற படை அதிகாரியும், 1807இற் கோர்டினரும் எழுதியவை இலங்கையில் வாழ்ந்து பார்த்தவர்களின் எழுத்துகள். மூன்று நூல்களில் ஒரே கதையைக் கண்டதும் "மூவர் சொல்கின்றனர்" என்று மாணவர் எழுதிவிடுவர். பின்னவர் இருவரும் முன்னவரைப் பார்த்து எழுதியிருந்தால் சாட்சி ஒன்றுதானே? அடிக்குறிப்பின் வழியே பின்னோக்கி நடந்து முதலில் எழுதியவரைக் கண்டுபிடிக்கும் வரை ஓய்தல் கூடாது.

சுழியோடி ஒருவனின் காலைச் சுறா கவ்விய கதை அத்தகையது. பழைய முத்துக்குளிப்பு நூல்களில் இது திரும்பத் திரும்ப வரும். மந்திரம் இருக்கவும் சுறா கடித்தது எவ்வாறு என்று கேட்டபோது, மலையாளக் கரையிலிருந்து வந்த கிழவி ஒருத்தி தன்மீது கொண்ட பகையால் எதிர்மந்திரம் செய்துவிட்டாள் என்றும், இனித் தன் வலிமையைக் காட்டுவதாகவும் கடல்கட்டி விடை சொன்னாராம். ஆங்கில ஆசிரியர்கள் இதை நகைச்சுவையாகவே எழுதினர். உளவியல் மாணவிக்கோ இது பொன்! நம்பிக்கைக்கு எதிரான நிகழ்ச்சி நேர்ந்தபோதும் நம்பிக்கை உடையாமல் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் அகப்படாது.

1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமேர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட நூலில் இன்னும் இரண்டு செய்திகளைத் தருகிறார். அவர் காலத்தில் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர். அதனால் அவர் மந்திரத்தின் வலிமை குறைந்ததாக ஒருவரும் கருதவில்லை. ரெனன்ற் சென்ற வேளை அவர் நோயுற்றிருந்தமையால் பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். அந்தப் பதிலாளோ, தமக்கு அந்த இரகசியம் தெரியாதென்றும், ஆயினும் தலைவரின் சார்பில் தாம் வந்திருப்பதைச் சுறாக்கள் மதிக்கும் என்றும் உறுதி கூறினாராம்! மந்திரச் சொல் தேவையில்லை. ஆள் இருந்தாற் போதும். மாணவியின் ஆய்வுக் கேள்வியே இவ்விடத்திற் கூர்மை பெறுகிறது. சுழியோடியின் நெஞ்சுக்குத் தைரியம் தந்தது சடங்கா, சடங்குக்கு உரியவர் அருகில் இருக்கிறார் என்ற நினைவா?

ரெனன்ற் மேலும் ஒன்று சொல்கிறார். ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கியபின் முத்துக்குளிப்பிற் சுறாவால் நேர்ந்ததாக நன்கு உறுதிப்பட்ட விபத்து ஒன்றே ஒன்றுதானாம். அவர் தரும் காரணம் மந்திரமன்று. எண்ணற்ற படகுகள், ஆட்களின் ஆரவாரம், ஓயாமற் கூடைகள் இறங்கி ஏறும் சலசலப்பு ஆகியவற்றுக்கு அஞ்சிச் சுறா விலகியிருக்கும் என்பது அவர் கருத்து. சடங்கு நடந்த நாளெல்லாம் ஆரவாரமும் இருந்தது. இரண்டில் எது சுறாவை விலக்கியது என்று சுழியோடி எவ்வாறு பிரித்தறிவான்? உளவியற் சோதனைகளில் இதுவே தலையாய சிக்கல். அதை நூறு பக்கம் விளக்கும் பாடநூலைவிட இந்தப் பழைய பயண நூலின் ஒரு பந்தி தெளிவாக விளக்குகிறது. அதே பந்தியில், சுழியோடிகளின் கறுத்த மேனியும் அவர்களைக் காத்திருக்கலாம், வெள்ளைத் தோலர்க்கு அத்தகைய பாதுகாப்புக் கிடைக்காமற் போகலாம் என்றும் அவர் எழுதுகிறார். அங்கே சுறாவைப் பற்றியன்று, ஆசிரியரைப் பற்றித்தான் நாம் அறிந்துகொள்கிறோம்.

ஆகவே குறிப்பெடுக்கும் அட்டையை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஆசிரியர் கண்டது ஒரு புறம். அதைப் பற்றி அவர் நினைத்தது மறுபுறம். 'பித்தளைப் பாத்திரம், இரண்டு வெள்ளி மீன்' என்பது இடப்புறம். 'வஞ்சகர்' என்ற கோர்டினரின் சொல் வலப்புறம். நூற்பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை அட்டையின் தலையில் அப்பொழுதே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது.

இதுவரை கொண்டச்சியின் சாட்சியம். இனி உளவியல். முதலில் கையிலெடுக்கத்தக்கது மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1925இல் எழுதிய கட்டுரை. பசிபிக் கடலிலுள்ள துரோபிரியந்துத் தீவுகளில் அவர் வாழ்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். ஆபத்தற்ற உட்கழியில் மீன் பிடிப்போர் மந்திரம் எதனையும் நாடவில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த வெளிக்கடலுக்குச் செல்வோரோ விரிவான சடங்குகள் செய்தனர். அச்சமுள்ள இடத்தில் மந்திரம் பிறக்கிறது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. கொண்டச்சிக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டைபோற் பொருந்துவதாகத் தோன்றும். அவ்வளவு எளிதிற் பொருந்தும்பொழுதுதான் ஐயுற வேண்டும்.

ஒரு கட்டுரையைக் கண்டதும் அதன்பின் யார் யார் அதை எடுத்தாண்டனர் என்று முன்னோக்கியும் தேட வேண்டும். கூகிள் ஸ்கொலர் போன்ற தேடுபொறிகள் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் அந்த வழியைத் திறந்து வைத்துள்ளன. அவ்வழியே சென்றால் 1970களில் போகி என்பவரும் தோழர்களும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையோர மீனவரிடம் நடத்திய ஆய்வுகளை அடையலாம். ஒரே நாளிற் கரை திரும்புவோரைவிடப் பல நாள் கடலிற் தங்குவோரிடம் விலக்குகள் மிகுதி என அவர்கள் கண்டனர். மாலினோவ்ஸ்கியின் கருத்து அங்கே ஒருவாறு நிலைபெறுகிறது. ஆனால் மற்றொரு பாதையும் உண்டு. 1948இல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த நேர இடைவெளியில் உணவு கிடைக்கச் செய்தார். எட்டுப் புறாக்களில் ஆறு வெவ்வேறு விசித்திரச் செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று கூண்டின் மூலையில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. தற்செயலாகச் சேர்ந்து வந்ததைக் காரணம் என்று கொள்வதே மூடநம்பிக்கை என அவர் விளக்கினார். பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடும். முன்னோக்கித் தேடியவரோ 1971இல் ஸ்டேடன், சிமெல்ஹாக் இருவரும் அச்சோதனையைத் திரும்பச் செய்து, உணவு வரும் வேளை நெருங்கியதும் புறாக்கள் பெரும்பாலும் ஒரேவிதமாகக் கொத்தலையே செய்தன என்று கண்டு, ஸ்கின்னரின் விளக்கத்தை மறுத்ததையும் அறிவார். 1948 கட்டுரையை மட்டும் படித்தவர் ஒரு வழக்கில் வாதியின் பக்கத்தை மட்டும் கேட்டவர்.

அமெரிக்க உளவியற் சங்கம் 1927 முதல் வெளியிட்ட ஆய்வுச் சுருக்கங்கள் இன்று கணினித் தொகுதியாகவே கிடைக்கின்றன. அதற்குச் சந்தா உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் கட்டியுள்ளதா என்று நூலகரைக் கேளுங்கள். கேட்க வெட்கப்படுவதே மாணவரின் பெருங்குறை. இலங்கை ஆய்விதழ்கள் பல இணையத்தில் ஒரு தொகுதியாக இலவசமாகக் கிடைக்கின்றன. ரெனன்ற், கோர்டினர், பேர்சிவல் ஆகியோரின் நூல்களை இன்ரநெற் ஆக்கைவ் தளத்தில் முழுமையாகப் படிக்கலாம். கொழும்பு நூதனசாலை நூலகம், பேராதனைப் பல்கலைக்கழக நூலகம், கச்சேரிகளின் பழைய பதிவுகளைப் பேணும் தேசிய சுவடிகள் திணைக்களம் ஆகியவற்றுக்கு நேரிற் செல்வோர் முன்கூட்டியே கடிதம் எழுதிச் செல்வது நலம்.

சுறாவும் மந்திரமும் இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட கதை; பிழை நேர்ந்தாலும் எவர் மனமும் நோகாது. கொண்டச்சிக்கு அண்மைக் காலக் கதையும் ஒன்று உண்டு. 1990 ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். முசலிப் பிரதேச மக்களும் அவர்களுள் அடங்குவர். பலர் புத்தளத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு அகதிகளாக வாழ்ந்து, 2009இற் போர் முடிந்தபின்னரே திரும்பத் தொடங்கினர். நம் மாணவியின் பாட்டியும் தாயும் அவ்வாறு சென்றவர்களாயிருக்கக்கூடும்.

அவர்களது உள்ளத்தைப் பற்றி எவரேனும் ஆராய்ந்தனரா என்று அவள் தேடப் புகுந்தால், முதலில் அவள் விரல் தட்டும் சொல் 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு' என்பதன் ஆங்கிலப் பெயராகவே இருக்கும். 2013இற் செஸ்மல் சிறிவர்தனவும் பிறரும் வெளியிட்ட ஆய்வு இலவசமாகக் கிடைக்கிறது. புத்தளத்தில் நெடுங்காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த 450 பேரிடம் நடத்தப்பட்டது அது. அதில் அவள் தேடிய நோய் நூற்றுக்கு 2.4 பேரிடமே காணப்பட்டது. "அப்படியானால் பெரிதாக ஒன்றுமில்லை" என்று அவள் பக்கத்தை மூடிவிட்டால்? அதே ஆய்வில் பொதுவான உளநோய்களுள் ஏதேனும் ஒன்று உடையோர் 18.8 விழுக்காடு. அவற்றுள் மிகுதியானது உள்ளத்தின் வேதனை உடல் நோவாக வெளிப்படும் நிலை. அது 14 விழுக்காடு. வேலையின்மை, துணையை இழந்தமை அல்லது பிரிந்தமை, உணவுக்கு உறுதியின்மை ஆகியன நோயோடு தொடர்புற்றிருந்தன. 'எனக்கு உடம்பெல்லாம் உளைவு' என்று பாட்டி சொல்வது எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று அறியாதவருக்கு, அந்த ஆய்வு கையில் இருந்தும் இல்லாததே.

தயா சோமசுந்தரம் 1998இலும் 2014இலும் ஆங்கிலத்தில் எழுதிய இரு நூல்கள் ஈழத்தமிழரின் போர்க்கால உளத்தாக்கங்களை ஆராய்பவை. இவற்றுள் இரண்டாவது தனிமனிதரை விட்டுச் சமூகம் முழுவதன் காயத்தைப் பேசுகிறது. இடம்பெயர்ந்த முஸ்லிம்களைப் பற்றிய எழுத்துகளோ உளவியற் தட்டில் மட்டும் இல்லை. ஷாரிக்கா திராணகம 2011இல் வெளியிட்ட நூல் மானிடவியலில் இருக்கும்; பேராதனையிற் புவியியல் கற்பித்த எஸ். எச். ஹஸ்புல்லாவின் எழுத்துகளை அகதிகள் பற்றிய தட்டிலே தேட வேண்டும். மறுபடியும் அதே சிதறல்!

எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பிப் பார்க்கும்போது ஒரு வெற்றிடம் தென்படும். பேர்சிவல் பேசுகிறார், கோர்டினர் பேசுகிறார், ரெனன்ற் பேசுகிறார். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிய சுழியோடி ஒருவன்கூட அந்நூல்களில் தன் வாயாற் பேசவில்லை. அவன் அஞ்சினானா, அஞ்சாதவன்போல் நடித்தானா என்பதை அறிய அவற்றில் வழியில்லை. மாணவி இதைத் தன் கட்டுரையில் ஒரு வரியிலாவது ஒளிக்காமல் எழுத வேண்டும்.

பிறகு அவள் விடுமுறைக்கு ஊர் செல்லட்டும். சிலாவத்துறையிலும் கொண்டச்சியிலும் அரிப்பிலும் கடலோடு வாழ்ந்த முதியோர் இருப்பர். கடல்கட்டி என்ற சொல்லை அவர்கள் கேட்டதுண்டா என்று, அவர்கள் சம்மதத்தோடு, விசாரிக்கட்டும். கேட்டதுண்டு என்றால் யாரிடம், எந்த வயதில் என்று குறித்துக்கொள்ளட்டும். இல்லை என்றாலும் அதையும் நாளும் இடமும் இட்டு ஓர் அட்டையில் எழுதி, ரெனன்ற்றின் அட்டைக்கு அருகே வைக்கட்டும்.